சட்டைப் பையில் வந்த திருநீறு

ஷார்ஜா தொழில்பேட்டையில் நாங்கள் தங்கியிருந்த அறையில், வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே பேச்சுதான் நடக்கும். ஊருக்குப் போய்விடலாமா, இன்னும் ஒரு காண்ட்ராக்ட் இருந்து பார்க்கலாமா. பேசுகிற ஆள் மாறுவார், காரணங்கள் மாறாது. மகள் பெரியவளாகிவிட்டாள். வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. இடுப்பு விட்டுப்போயிற்று. கம்பெனி சம்பளத்தை இழுத்தடிக்கிறது. எல்லோரும் பேசி முடித்துவிட்டு, ஏசியின் இரைச்சலில் படுத்துவிடுவார்கள். சனிக்கிழமை காலை எல்லோரும் வேனில் இருப்பார்கள்.

நான் மதுரையில் ஒரு தினசரியில் துணை ஆசிரியராக இருந்துவிட்டு அங்கே போனவன். நிருபர்கள் அனுப்பும் செய்தியைப் பாதியாக வெட்டித் தலைப்புக் கொடுப்பது என் வேலை. ஷார்ஜாவில், இரும்புக் குழாய்களை வெட்டி இணைக்கும் ஒரு யார்டில் டைம்கீப்பர். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று குறிப்பதுதான் இங்கே வேலை. பழக்கதோஷத்தால் அறையில் நடக்கும் பேச்சையும் மனத்துக்குள் வெட்டிக்கொண்டே இருப்பேன். வெட்டிப் பார்த்தால் எல்லாருடைய காரணமும் ஒரே பத்தியில் அடங்கிவிடும்.

ஒருவர் சொன்ன காரணத்தை மட்டும் அந்தப் பத்தியில் சேர்க்க முடியவில்லை. அவர் பைப் வெல்டர். திருநெல்வேலிக்கு மேற்கே, பஸ் நின்று திரும்பிவிடும் ஒரு கிராமம். நாற்பதை ஒட்டிய வயது, ஒடிசலான உடம்பு. அறையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் வெல்டிங் வைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நீங்கள் ஏன் போக நினைக்கிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சாதாரணமாகச் சொன்னார்.

"ஊர்ல நான் கஞ்சா பிடிக்கிறவன். இங்க பிடிக்க முடியாது. அதான்."

இரண்டொருவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்கள். ஒருவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

கதவைச் சாத்தியதில் நியாயம் இருந்தது. அந்தச் சொல்லை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பக்கத்துக் கேம்ப்பில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை அதற்காகப் பிடித்துப் போனார்கள் என்பது மட்டும் தெரியும். எத்தனை வருடம் தண்டனை, சவுக்கடி உண்டா, முடிந்ததும் ஊருக்கு அனுப்புவார்களா என்பதெல்லாம் சொல்பவரைப் பொறுத்துக் கூடும், குறையும். அச்சுக்குக் கொடுக்கிற மாதிரி உறுதியான தகவல் எதுவும் எங்களிடம் இல்லை. பயம் மட்டும் உறுதியாக இருந்தது.

பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன். அவர் ஊரில் வயல் வேலை முடிந்து சாயங்காலம் சிலர் டீக்கடைக்குப் போவார்கள், சிலர் சாராயக் கடைக்குப் போவார்கள், சிலர் ஊருக்கு வெளியே சுடுகாட்டை ஒட்டி நிற்கும் காவல் தெய்வத்தின் கோயிலில் போய் உட்காருவார்கள். அந்தச் சாமிக்குச் சாராயம், சுருட்டு, கஞ்சா மூன்றும் படையல். அண்ணாச்சியின் குடும்பம் அந்தச் சாமிக்கு ஆடுகிற குடும்பம். கோயில் திருவிழாவான கொடை நாளில் சாமி வந்து இறங்குவது இவர்கள்மேல்தான். அவருடைய அப்பாவுக்குப் பிறகு பெரியப்பா ஆடிக்கொண்டிருந்தார். சாமி இறங்கியதும் கஞ்சா அடைத்த சிலும்பியைக் கொளுத்திக் கையில் கொடுப்பார்கள். கொடை இல்லாத நாளிலும் ஒரு சிலும்பி பிடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பது அண்ணாச்சிக்கு வழக்கம். அதை மறைத்துச் செய்ததுமில்லை, பெருமையாகப் பேசியதுமில்லை.

ஷார்ஜாவுக்கு வந்தபின் அவர் அதைத் தொடவில்லை. எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கவும் இல்லை. தூக்கம் சரியாக வருவதில்லை என்பது ஒன்றுதான் அவர் குறை. எனக்கும் அதே குறை உண்டு என்பது அவருக்கு மட்டும் தெரியும். காலையில் வேன் வரும்போது எங்களுக்கு முன்பே கேட் பக்கம் நின்றுகொண்டிருப்பார்.

இந்தப் பேச்சு சும்மா பேச்சாகவே போயிருக்கும். ஆனால் அந்தக் கோடையில் யார்டின் என்ஜினியர், எகிப்துக்காரர், அவரைக் கூப்பிட்டு, புதிய பைப்லைன் வேலை வருகிறது, உன்னை ஃபோர்மேனாகப் போடுகிறேன், தனி அறை, விசா சரிப்பட்டால் குடும்பத்தையும் கூட்டிவரலாம், லீவு முடிந்து வரும்போது பதில் சொல் என்றார். அதே சமயத்தில் ஊரிலிருந்தும் தகவல் வந்தது. பெரியப்பாவுக்குக் கால் நிற்கவில்லை. இந்த ஆடிக் கொடைக்கு அண்ணாச்சிதான் ஆட வேண்டும். ஒருமுறை சாமி ஏற்றுக்கொண்டால் வருடந்தோறும் அவர்தான் நிற்க வேண்டும். கம்பெனியோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் லீவு கொடுக்கும். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியில்லை.

அறையில் அவருக்குப் பதில் சொன்னவர் ஸ்டோர்கீப்பர். யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் கடை வைத்திருந்தார், எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்துபோயிற்று. மனைவி பிள்ளைகளை யாழ்ப்பாணத்தில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். அங்கேயும் இப்போது ராணுவம். குவைத்தில் அப்பாசியாவில் இருந்த அக்கா புருஷன் மூலம் அங்கே ஒரு வேலைக்கு விசாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் சாய்ந்தபடியே பேசுவார். குரலை உயர்த்த மாட்டார்.

"அண்ணை, ஒரு இலையைப் பத்திச் சட்டம் என்ன சொல்லுது எண்டு பாத்து நீங்கள் ஊர் தெரிவு செய்யிறியள். நல்ல விசயம். தெரிவு செய்யிறதுக்கு உங்களுக்கு ஒரு ஊர் கிடக்கு."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "நீங்க சொல்லுததும் சரிதான்" என்றார்.

அவர் லீவில் போய்த் திரும்பியபோது ஷார்ஜாவில் வெயிலோடு கடல் ஈரமும் சேர்ந்திருந்தது. சட்டை காலையிலேயே முதுகில் ஒட்டிக்கொள்ளும் மாதம். லீவு முடிந்து வருகிறவர் அறைக்கு வந்ததும் என்ன நடக்கும் என்பதில் ஒரு முறை உண்டு. அவரவர் வீட்டிலிருந்து கொடுத்துவிட்ட பார்சல்களைப் பெயர் பார்த்துக் கொடுப்பார். ஊறுகாய், முறுக்கு, பனியன், காய்ச்சல் மாத்திரை. அதன்பிறகு வந்தவர் தன் ஊர்க் கோயில் திருநீற்றை எல்லோருக்கும் கொடுப்பார். யார் சாமி, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்தவர் வரும்வரை அது தலையணைக்கு அடியில் இருக்கும்.

அண்ணாச்சியின் பெட்டியை ஏர்போர்ட்டில் கவிழ்த்துப் பார்த்திருந்தார்கள். யாருக்கோ அவர் கொண்டுவந்த வெற்றிலைக் கட்டைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். ஊறுகாய் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்கள். திருநீறு அவர் சட்டைப் பையில் இருந்தது. பேப்பரில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். அறையில் ஆளுக்கொன்று கொடுத்தார். ஸ்டோர்கீப்பருக்குக் கொடுக்கும்போது மட்டும், "உங்களுக்கு ரெண்டு. பயணம் போறியள்லா" என்றார். அண்ணாச்சி ஊரில் இருந்தபோது குவைத் விசா வந்துவிட்டது. வியாழக்கிழமை பிளைட். ஸ்டோர்கீப்பர் பொட்டலங்களைக் கண்ணில் ஒற்றிப் பாஸ்போர்ட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார். அவருக்கு நல்லூர் முருகன் ஒருவர்தான் சாமி. ஆனால் பிளைட் ஏறப் போகிறவர் யார் கொடுக்கிற திருநீற்றையும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

கொடை எப்படி நடந்தது என்று கேட்டோம். சாமி நன்றாக இறங்கியது என்றார். அன்று ராத்திரி முழுக்க ஆடிவிட்டு, மறுநாள் பகல் பூராவும் தூங்கினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

புதன்கிழமை மத்தியான இடைவேளையில் அறைக்கு வந்து குளித்துவிட்டு வந்து என் பொட்டலத்தைப் பிரித்தேன். விரலில் எடுத்தபோது நெருடியது. வெளிச்சத்தில் பார்த்தேன். சாம்பலோடு கருகியும் கருகாமலும் பச்சைத் தூள், கடுகைவிடப் பெரிதாக ஒரு விதை. ஆரம்ப நாட்களில் நிருபராகக் கோர்ட்டுக்குப் போனபோது, ஒரு கடத்தல் வழக்கில் சாட்சிப் பொருளாக மேஜைமேல் வைத்திருந்த மூட்டையில் அந்த விதையைப் பார்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி தன் கட்டிலில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இதுல என்ன கலந்திருக்கு?"

"திருநீறு சார்."

"திருநீறோட வேற என்ன?"

"சாமி பிடிச்ச சிலும்பிய அதுலதான் தட்டுவோம். படையல்ல மிஞ்சினதும் அதுலதான். அப்பதான அது சாமி திருநீறு."

"கஞ்சாதானே இது?"

அவர் உண்மையாகவே யோசித்தார். பொய் சொல்ல வழி தேடுகிற யோசனை இல்லை அது. "நாம பிடிச்சா கஞ்சா சார். சாமி பிடிச்சா பிரசாதம்லா" என்றார்.

இத்தனை வருடம் அந்த இலையை அடுத்தவர் பீடியில்கூடத் தேடாமல் இருந்த மனிதர் அவர். அதைப் பற்றி அறையில் அவருக்குத்தான் அதிகம் தெரியும், சட்டத்துக்குப் பயந்ததிலும் அவர்தான் முதல். அதே ஆள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கஸ்டம்ஸைத் தாண்டி வந்து எங்கள் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்திருந்தார். படைத்து முடித்த பிறகு அது வேறு பொருளாகிவிட்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஸ்டோர்கீப்பர் அதை எங்கே வைத்திருக்கிறார் என்று நினைவுபடுத்தினேன். கழற்றிய காலுறையைக் கீழே போட்டார்.

"பாஸ்போர்ட்டுக்குள்ளயா வச்சிருக்காரு?"

"நீங்க பாத்துட்டுதான இருந்தீங்க."

வெறுங்காலில் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். வேனுக்குக் காத்திருக்காமல், பத்து நிமிட தூரத்தில் இருந்த யார்டுக்கு நடந்து, அதைச் சுற்றி ஸ்டோருக்குப் போனோம். வெயிலில் வரிசையாகக் கிடந்த குழாய்கள்மேல் கை வைக்க முடியாது. ஸ்டோர்கீப்பர் புதிதாக வந்த மலையாளிப் பையனுக்குப் பொறுப்பை ஒப்படைத்து முடித்து, அவனைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தார். நான்தான் சொன்னேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்றார்.

ஸ்டோர்கீப்பர் பாஸ்போர்ட்டை எடுத்தார். இரண்டு பொட்டலங்களையும் உருவி போல்ட் டப்பாக்களுக்கு நடுவே வைத்தார். உறையைக் கழற்றி உதறினார், சட்டை நுனியால் உள்ளே துடைத்தார், மறுபடி உதறினார். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி ஊதினார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"அண்ணை, எனக்குத் துணைக்கு உங்கட சாமியை அனுப்பி வச்சியள். அவர் குவைத் கஸ்டம்ஸில நிண்டு எனக்காக அரபியில கதைப்பாரோ?"

யாரும் சிரிக்கவில்லை. அவருமே சிரிக்கவில்லை.

"தெரியாமக் குடுத்துட்டேன்" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு விளங்குது. ஆனா ஒண்டு யோசிச்சுப் பாருங்கோ. உங்களைப் பிடிச்சா அடைச்சு வச்சிட்டு உங்கட ஊருக்கு அனுப்புவாங்கள். என்னை எங்க அனுப்புவாங்கள்?"

அண்ணாச்சி பொட்டலங்களைக் கையில் எடுத்துக்கொண்டார். அறைக்குப் போய் ஒவ்வொரு தலையணைக்கு அடியிலிருந்தும் மற்றவற்றையும் சேகரித்து வந்தார். இனி அதை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. கக்கூஸில் போட்டுத் தண்ணீர் விடலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை விட்டுவிட்டேன். குப்பைத் தொட்டியிலும் போட முடியாது, கால் படும். ஊராக இருந்தால் ஆற்றில் விடலாம், மரத்தடியில் போடலாம். தொழில்பேட்டையில் ஆறும் இல்லை, மரமும் இல்லை. யார்டு மெஸ்ஸுக்குப் பின்னால் ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில் சமையல்காரர் நெய் டின்களில் கறிவேப்பிலை வைத்திருந்தார். அந்தப் பக்கம் திரும்பினார் அண்ணாச்சி.

"அங்க போடாதேங்கோ, முளைச்சுப் போடும்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

கடைசியில் அவருக்குத் தெரிந்த வழியிலேயே செய்தார். இடைவேளை முடிந்து கட்டர்களும் கிரைண்டர்களும் ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு பக்கம் மூடிய குழாய்த் துண்டுக்குள் எல்லாப் பொட்டலங்களையும் பேப்பரோடு போட்டார். கேஸ் கட்டரைப் பற்றவைத்து வெளியிலிருந்து குழாய் சிவக்கும்வரை சூடு காட்டினார். யார்டின் பெயின்ட் நாற்றத்திலும் இரும்புப் புகையிலும் வேறு எந்த மணமும் தெரியவில்லை. குழாய் ஆறும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். கவிழ்த்தபோது வெள்ளைச் சாம்பல் மட்டும் விழுந்தது. அதில் அவர் நெற்றிக்கு எடுக்கவில்லை. கறிவேப்பிலை டின்களில் தூவிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெல்டிங்குக்குப் போனார்.

ஸ்டோர்கீப்பர் மறுநாள் போனார். போய்ச் சேர்ந்து அலுவலகத்துக்கு போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். குவைத்தில் பெட்டியைக் கொட்டி, பர்ஸைத் திறந்து, பாஸ்போர்ட் உறையைக் கழற்றிப் பார்த்தார்களாம். "ஒண்டும் இல்லை எண்டு அண்ணையிட்டச் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன்.

அடுத்த வாரம் என்ஜினியர் பதில் கேட்டார். அண்ணாச்சி முடியாது என்றார். இந்தியில் சொன்னதால் அது இன்னும் சுருக்கமாக இருந்தது. என்ஜினியர் என்னிடம் வந்து, இவனுக்குப் பைத்தியமா, நீ பேசிப் பார் என்றார்.

வேனில் திரும்பும்போது பேசிப் பார்த்தேன். எனக்கு அவர்மீது கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. ஒரு மனிதன் எங்கே வாழ்வது என்பதை முடிவு செய்ய வேலை இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது, மருத்துவம் இருக்கிறது. ஒரு புகைக்காக இதையெல்லாம் தள்ளிவைப்பதா என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"புகைய விட்டுரலாம் சார். விட்டுத்தான இருக்கேன்" என்றார். "இப்ப என்னன்னா, தெனமும் கிளம்பும்போது சட்டைப் பையத் தொட்டுப் பாக்கேன். ஒண்ணும் இருக்காது. ஆனாலும் கை போவுது. எங்க அப்பன் சாமிக்குப் படைச்சது இங்க குத்தம். அவன் ஊரு, அவன் சட்டம், நான் தப்பு சொல்லல. தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது. அந்தாளு போன அன்னிக்கு நான் ஒரு வாய் சோறு திங்கல."

இலைக்கான சட்டத்தைப் பார்த்து யாரும் ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேலைக்காக வந்தவன் வேலையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் எங்கள் அறையில் எல்லோரும் ஏதோ ஒன்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நான் பத்தாக்கா என்கிற வேலை அட்டையை, பக்கத்துக் கட்டில்காரர் நெஞ்சை. தன் கை எங்கே போகிறது என்பது அண்ணாச்சிக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அவர் டிக்கெட் போட்ட பிறகு கோவில்பட்டிக்காரர் ஒருவர் லீவு முடிந்து வந்தார். அவர் கொண்டுவந்த ஊறுகாய் பாட்டிலைச் சுற்றியிருந்த பேப்பரைப் பிரித்து நீவி வைத்துக்கொண்டேன். எங்களுக்கு ஊர்ப் பேப்பர் பெரும்பாலும் அப்படித்தான் வரும். எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில், உள்பக்கத்தில், ஒற்றைப் பத்திச் செய்தி. போதைப் பொருள்களுக்கு இந்தியாவில் கடுமையான புதுச் சட்டம். கஞ்சாவும் அதில் சேர்த்தி. தலைப்பை அவசரமாக வைத்திருந்தார்கள். நானாக இருந்தால் வேறு மாதிரி வைத்திருப்பேன்.

அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எங்கூருக்குமா?"

"இந்தியா முழுக்க அண்ணாச்சி."

கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். "டிக்கெட் போட்டாச்சே சார்" என்றார். அதன்பின் ஏதோ நினைத்துக்கொண்டு, "எங்கூருக்கு ரோடு வரவே நாளாச்சு. சட்டம் வர இன்னும் கொஞ்சம் ஆகும்" என்றார்.

அவர் கட்டிலுக்கு ஆந்திராக்காரர் ஒருவர் வந்தார். ஃபோர்மேன் வேலை ஒரு பாகிஸ்தானிக்குப் போயிற்று. லீவில் போய் வருகிறவர்கள் பார்சல் கொண்டுவருவது தொடர்ந்தது. திருநீறு கொண்டுவந்தவர்கள் அதற்குப்பின் அதைக் கொடுக்கும் முன் விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். நாளடைவில் கொண்டுவருவதையே விட்டுவிட்டார்கள்.

மறு வருடம் ஆடியில் அந்தக் கோவில்பட்டிக்காரர், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அவசர லீவு வாங்கி, மறுபடி ஊருக்குப் போயிருந்தார். பக்கம்தானே என்று கொடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சட்டம் நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. கொடையன்று சப்-இன்ஸ்பெக்டர் ஒரு நாற்காலி போட்டுப் படையலுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாராம். இலையில் சாராயமும் சுருட்டும் மட்டும்தான். சிலும்பி இல்லை. அண்ணாச்சி சுருட்டைப் பிடித்துக்கொண்டே ஆடினாராம். சாமி இறங்கவில்லை என்று சிலர் முணுமுணுத்தார்களாம், இறங்கியது என்று சிலர் சொன்னார்களாம்.

"இங்கயே இருந்திருக்கலாம்னு சொன்னாரா?" என்று கேட்டேன்.

"சொல்லல."

"ஃபோர்மேன் வேலையப் பத்தி எதாச்சும் கேட்டாரா?"

"அதுவும் கேக்கல சார்." பார்சல்களைப் பிரித்துக்கொண்டிருந்த கோவில்பட்டிக்காரர் கொஞ்சம் யோசித்தார். "உங்களத்தான் கேட்டாரு. சார்வாளுக்கு இப்ப ராத்திரி தூக்கம் வருதான்னு கேட்டாரு. நான் வருதுன்னு சொல்லிட்டேன்."

சரி என்றேன். என் வீட்டிலிருந்து வந்த பார்சலை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வெளியே வேன் ஹாரன் அடித்தது. பத்தாக்கா பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.